தொட்டியின் அடியில் தங்கும் உப்பு

‘சங்கத்தில் வாங்கிய உப்பு கரையாமல் அடியில் தங்குகிறது, இது கலப்படச் சரக்கு’ என்று சாயமிடும் அங்கத்தினர் சிலர் கூறுவதுண்டு. ஐயம் எழுவது நியாயமே. சங்கத்தின் பணம் அங்கத்தினர் அனைவருடைய பணமன்றோ? ஆயினும், அடியில் தங்கியது கலப்படப் பொருளா, அன்றி நீரால் கரைக்க இயலாத மிகுதியா என்று அறிந்த பின்னரே தீர்ப்புக் கூறுதல் வேண்டும்.

எவ்வளவு உப்பையும் நீர் ஏற்கும் என்று எண்ணுதல் தவறு. 30 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 360 கிராம் சோற்றுப்பையே கரைக்கும். அதற்குமேல் ஒரு பிடி இட்டு எவ்வளவு கலக்கினும் அது அடியில்தான் கிடக்கும். இவ்வாறு, குறித்த வெப்பநிலையில் கரையக்கூடிய அளவு முழுவதையும் ஏற்றுக்கொண்ட கரைசலுக்குத் ‘தெவிட்டிய கரைசல்’ என்று பெயர்.

இவ்வெல்லை பொருளுக்குப் பொருள் வேறுபடும். நீற்றிய சுண்ணாம்பு லிட்டருக்கு 2 கிராம்கூடக் கரைவதில்லை. ஆதலால் தெவிட்டிய கரைசல் யாவும் செறிவு மிக்கவை என்று கொள்ளலாகாது.

வெப்பத்தாலும் எல்லை மாறும். சோற்றுப்பு கொதிநீரிலும் சற்றே மிகுதியாக, சுமார் 390 கிராம் கரையும். சாயத் தொட்டியில் இடும் கிளாபர் உப்போ 30 பாகையில் கரைவதில் ஏறத்தாழப் பாதியே 20 பாகையில் கரையும். ஆகவே பகலில் தெளிவாயிருந்த செறிந்த கரைசலில், மார்கழி இரவு கழிந்ததும் கண்ணாடி போன்ற படிகங்கள் காணப்படலாம். இது சரக்கின் குற்றமன்று. வெதுவெதுப்பாகச் சூடாக்கிக் கலக்கினால் அவை மீண்டும் கரையும். படிகங்களை நீக்கிவிட்டுத் தெளிவை மட்டும் பயன்படுத்தினால், கணக்கிட்ட உப்பு நூலுக்குக் கிட்டாது, சாயமும் வெளிறும்.

உழவர்க்கும் இதில் பாடம் உண்டு. பொட்டாசியம் சல்பேட் 30 பாகையில் லிட்டருக்குச் சுமார் 130 கிராமே கரையும். மிகுதியாகக் கரைத்துத் தெளிப்பானில் ஊற்றினால் அதன் வாய் அடைபடும். சூப்பர் பாஸ்பேட்டில் ஜிப்சம் இயல்பாகவே உண்டு. அது பெரும்பாலும் கரையாது நிற்பதைக் கலப்படம் என்னலாகாது.

சோற்றுப்பிலோ கிளாபர் உப்பிலோ ஐயம் தோன்றின், 100 கிராம் சரக்கை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இட்டு நன்கு கலக்குக. இவ்வளவு நீரில் இரண்டுமே முற்றிலும் கரைய வேண்டும். எஞ்சியதைத் துணியில் வடித்து, நல்ல நீரால் அலசி, உலர்த்தி நிறுத்துப் பார்க்க. 3 கிராம் நின்றால், நூற்றுக்கு 3 பங்கு மண்ணோ மணலோ என்பது தெளிவு.

ஒன்று நினைவிருக்கட்டும்: கிளாபர் உப்பில் சோற்றுப்பைக் கலந்திருந்தால் இரண்டுமே கரைந்துவிடும், அதனை ஆய்வுக்கூடமே கண்டறியும். ஆகவே ஐயமுள்ள மூட்டையைத் தீர்த்துவிடாமல், மாதிரியோடும் எடைக் குறிப்போடும் சங்கத்திற்குக் கொணர்க. அளந்து கூறும் புகாரையே சங்கம் விற்றவரிடம் வலியுறுத்திக் கேட்க இயலும்.