பலர் பேசும் இடத்தில் ஒரு நடுவர்



பால் கொட்டகைக்கு வாளி வந்ததும் என்ன செய்கிறோம்? வடிகட்டியில் ஊற்றுகிறோம். பட்டையும் இலையும் மேலே நிற்கின்றன, பால் கீழே இறங்குகிறது. பலர் கூடிக் கருத்துச் சொல்லும் இடத்திலும் இப்படியொரு வடிகட்டி வேண்டியிருக்கிறது. கணினித் தமிழர் இதை ‘மட்டுறுத்தல்’ என்கிறார்கள்.

1990களில் ஒருவர் கணினியில் எழுதி அனுப்பிய தமிழ், இன்னொருவர் கணினியில் புரியாத குறிகளாக விழுந்தது. ஆளுக்கொரு எழுத்துரு, அதற்குள் ஆளுக்கொரு எண் ஒழுங்கு. அன்றைய முறையில் மொத்தம் 256 இடங்களே இருந்தன. அவற்றில் 128 ஆங்கிலத்துக்குப் போய்விட்டன. எஞ்சிய 128இல் நம் 247 எழுத்துகளை எப்படி அமர்த்துவது? கொம்பையும் காலையும் தனியே வைப்பதா, உயிர்மெய்யை முழுதாக வைப்பதா? ‘முரசு அஞ்சல்’ மென்பொருளை உருவாக்கிய நம் நாட்டு முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் போன்றோர் பல நாடுகளிலிருந்து மின்னஞ்சலில் வாதாடினார்கள். அப்படிப் பிறந்ததுதான் ‘திஸ்கி’. ஆனால் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்துவிடவில்லை. 1999இல் தமிழ்நாடு அரசு ‘டாம்’, ‘டாப்’ என்ற வேறு முறைகளை ஏற்றது. பிறகு யூனிகோடு பரவலான பின்புதான் வழக்கு பெரும்பாலும் ஓய்ந்தது.

இத்தகைய விவாதத்தில் நடுவருக்கு என்ன வேலை? ஒவ்வொரு மடலையும் எல்லாருக்கும் போகுமுன் படிக்கிறார். விளம்பரம், வசவு, பொருளுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு ஆகியவற்றை நிறுத்துகிறார். நிறுத்தினால் காரணத்தை எழுதியவருக்கே தெரிவிக்க வேண்டும். ‘உங்கள் எண் ஒழுங்கு தவறு’ என்று ஒருவர் எழுதினால் அது வசவல்ல. அதைத் தடுத்தால் விவாதமே செத்துப்போகும். கடினமான இடம் எதுவென்றால், ஒரே மடலில் வசவும் உண்மையும் கலந்து வருவதுதான்.

நானும் அங்கேதான் இடறினேன். தம்பின் பக்கத்துப் பள்ளியொன்றில் ஒரு பெற்றோர் கூட்டத்துக்கு நான் தலைமை தாங்கினேன். மரம் வெட்டும் அக்கா ஒருவர் எழுந்ததுமே ஏசத் தொடங்கினார். “முறையாகப் பேசுங்கள், இல்லையென்றால் உட்காருங்கள் அக்கா” என்றேன். அவர் வெளியே போய்விட்டார். கூட்டமும் அமைதியாக முடிந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. மறுவாரந்தான் தெரிந்தது, அவர் லயத்துப் பிள்ளைகளை ஏற்றாமலே பள்ளிப் பேருந்து பல நாளாகப் போய்க்கொண்டிருந்தது. அன்று மாலையே அவர் வீட்டு வாசலுக்குப் போய், எந்தெந்த நாள், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். ஏசிக்கொண்டேதான் சொன்னார்.