பையில் இரண்டு கற்கள்

நேர்மையைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்றால், மாணவர்களாகிய நாம் அரிச்சந்திரனில் தொடங்கிக் காந்தியடிகளில் முடிப்பது வழக்கம். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் சென்ற பருவத்தில், பண்டைய மேற்காசிய வரலாறு பற்றிய கருத்தரங்குக்காக, விடுதியில் என் அறை நண்பனிடம் வேதாகமத்தை இரவல் வாங்கி, அதிலுள்ள நீதிமொழிகள் என்னும் நூலைப் படிக்க நேர்ந்தது. அதில் வரும் ஒரு தராசு அன்று முதல் என் மனத்தை விட்டு அகலவில்லை. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

நீதிமொழிகள் 31 அதிகாரங்கள் கொண்டது. சாலொமோன் அரசர் பெயரில் வழங்கினாலும் அது ஒருவர் வாக்கு அன்று. ஒரு பகுதியை எசேக்கியா அரசரின் ஆட்கள் தொகுத்து எழுதினர் என்று நூலே சொல்லுகிறது. ஆகூர் என்பவரின் மொழிகளும், லேமுவேல் என்னும் அரசனுக்கு அவன் தாய் கற்பித்த மொழிகளும் இறுதியில் இடம்பெறுகின்றன. நாவடக்கம், சோம்பல், பிறர் கடனுக்குப் பிணை நிற்பதால் வரும் தொல்லை என்று வீட்டிலும் தெருவிலும் நடக்கும் காரியங்களையே அது மிகுதியும் பேசுகிறது. இவற்றுக்கிடையே கடைக்காரனின் தராசும் எடைக்கல்லும் மட்டும் நான்கு முறை வருகின்றன. 11ஆம் அதிகாரத்திலும் 16ஆம் அதிகாரத்திலும் ஒவ்வொரு முறை, 20ஆம் அதிகாரத்தில் இரு முறை. இவ்வளவு சிறிய பொருளுக்கு இத்தனை இடமா என்று எனக்கு வியப்பாயிருந்தது.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. அக்காலத்து யூதேயாவில் நாணயம் கிடையாது. பாரசீகர் ஆட்சிக் காலத்தில்தான் அங்கே நாணயம் புழங்கத் தொடங்கியது. அதற்கு முன் வெள்ளியை நிறுத்துத்தான் விலை கொடுத்தார்கள். ஆபிரகாம் தம் மனைவியை அடக்கம் செய்ய மக்பேலா குகையை வாங்கியபோது 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். எரேமியா தீர்க்கதரிசி ஆனதோத்தில் நிலம் வாங்கியபோது 17 சேக்கலைத் தராசில் நிறுத்தார். ஆகவே, வாங்கும் பொருளையும் அளக்க வேண்டும், கொடுக்கும் பணத்தையும் நிறுக்க வேண்டும். வணிகன் ஒவ்வொருவனும் ஒரு பை நிறையக் கற்களை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைந்தான். எபிரேய மொழியில் எடைக்கும் கல்லுக்கும் ஒரே சொல்தான். நாமும் இரும்பில் வார்த்ததைக்கூட எடைக்கல், படிக்கல் என்றுதானே சொல்லுகிறோம்! சரியான எடையை அவர்கள் ‘முழுமையான கல்’ என்றார்கள். அந்தச் சொல்லும், சமாதானத்தைக் குறிக்கும் ‘ஷாலோம்’ என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று அறிந்தபோது மகிழ்ந்தேன்.

அந்தக் கற்களில் பல அகழாய்வுகளில் கிடைத்திருக்கின்றன. சுண்ணாம்புக் கல்லில், அடி தட்டையாகவும் மேற்புறம் உருண்டையாகவும் கடைந்தவை. ஒரு சேக்கல் ஏறத்தாழ 11.3 கிராம். 1, 2, 4, 8 சேக்கல் என்று மேலே குறி வெட்டியிருக்கும். சில கற்களில் ‘பீம்’ என்ற எழுத்துகள் உள்ளன. சாமுவேலின் முதல் நூலில் ஓரிடத்தில் இச்சொல் வருகிறது. பொருள் தெரியாமல், 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் அதை ‘அரம்’ என்று எழுதிவிட்டார்கள். கற்கள் கிடைத்த பிறகுதான், கலப்பைக் கொழு தீட்டுவதற்குப் பெலிஸ்தர் வாங்கிய கூலியின் எடை அது என்பது விளங்கியது. ஒரு சிறு கல் பண்டிதர்களைத் திருத்தியிருக்கிறது!

இனி மோசடிக்கு வருவோம். அது எப்படி நடந்தது என்பதைத் தெக்கோவா ஊர் மேய்ப்பரான ஆமோஸ் தீர்க்கதரிசி, கி.மு. 8ஆம் நூற்றாண்டில், கடைத்தெருவில் நின்று பார்த்தவர் போலச் சொல்லுகிறார். ஓய்வு நாள் எப்போது கழியும், கடையை எப்போது திறக்கலாம் என்று வணிகர்கள் துடிக்கிறார்கள். தானியம் அளக்கும் எப்பாவைச் சிறிதாக்கி, வெள்ளி நிறுக்கும் சேக்கலைப் பெரிதாக்குகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. கொடுக்கும்போது சிறிய அளவு, வாங்கும்போது பெரிய கல். இதற்காகத்தான் பையில் இரண்டு வகைக் கற்கள் வேண்டியிருந்தன. உபாகமத்தின் 25ஆம் அதிகாரம் இதைத் தடுக்கிறது. அதில் நான் கவனித்தது ஒன்றுண்டு. பொய்க் கல்லால் நிறுக்காதே என்பதோடு அச்சட்டம் நிற்கவில்லை. பெரிதும் சிறிதுமான இரு கற்கள் உன் பையில் இருக்கவே கூடாது என்கிறது. வைத்திருப்பதே குற்றம்!

2021இல் ஒரு செய்தி வெளியாயிற்று. எருசலேமில் பழைய ஆலய மதிலின் அடித்தளத்துக்கு அருகே கிடைத்த ஏறத்தாழ 2,700 ஆண்டுப் பழமையான ஒரு குட்டிக் கல்லில் இரண்டு கோடுகள் வெட்டியிருந்தன. இரண்டு கேரா என்பது அதன் பொருள். ஒரு கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். நிறுத்துப் பார்த்தால் மூன்றரைக் கிராமுக்கு மேல்! ஏமாற்றுவதற்கென்றே செய்த கல் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அத்தகைய ஒரு கல்லை நான் கையில் எடுத்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில், எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் ஒரு காயலான் கடையில் இரண்டு மாதம் வேலை பார்த்தேன். பழைய தாள், அட்டைப்பெட்டி, பாட்டில் ஆகியவற்றைச் சங்கிலியில் தொங்கும் தராசில் நிறுப்பது என் வேலை. ஐந்து கிலோ எடைக்கல் இரண்டு இருந்தன. முத்திரை குத்தியது அலமாரியில் இருக்கும். முத்திரை இல்லாதது தராசருகே இருக்கும். இரண்டாம் வாரத்தில் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து இரண்டையும் இரு தட்டில் வைத்தேன். முத்திரைக் கல்லின் பக்கம் 400 கிராம் சேர்த்த பிறகே முள் நேராக நின்றது.

நாள்தோறும் மாலையில் ஒரு பாட்டி அட்டை பொறுக்கிக் கட்டிச் சுமந்து வருவார். முதலாளி நிறுக்க வந்தால் சற்றுத் தயங்கி நிற்பார். “நீ நிறு ராசா. படிக்கிற பிள்ளை நீ, நீ நிறுத்தா சரியாத்தான் இருக்கும்” என்பார். நான் நிறுப்பேன், தராசருகே இருந்த கல்லை வைத்துத்தான். நான்கு தடவை நிறுத்து இருபது கிலோ என்று சொல்லி இருநூறு ரூபாய் கொடுப்பேன். உண்மையில் அது 21 கிலோ 600 கிராம். பதினாறு ரூபாய் அவர் கையிலிருந்து போய்விடும்.

ஒருநாள் துணிந்து முதலாளியிடம் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. “பக்கத்துக் கடையில கிலோ ஒன்பதரை ரூபாய். நான் பத்து போடறேன். பலகையில பத்துன்னு எழுதினாத்தான் தம்பி ஆள் வரும். கல்லும் சரியா இருந்தா நான் எங்க போறது?” என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் உண்மையில் கொடுத்தது கிலோவுக்கு 9 ரூபாய் 26 காசு. பக்கத்துக் கடையைவிடக் குறைவு; ஆனால் பலகையில் அதிகம். அந்தப் பக்கத்துக் கடைக்காரர் நேர்மையானவராகவே இருந்தாலும் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? ஒருவன் பையில் இரண்டு கல் இருந்தால் நாளடைவில் எல்லார் பையிலும் இரண்டு கல் வந்துவிடும். பழைய சட்டம் கல்லை வைத்திருப்பதையே ஏன் தடுத்தது என்பது எனக்கு இந்தக் கணக்கால்தான் விளங்கியது.

இத்தகைய கவலை எபிரேயருக்கு மட்டும் உரியதன்று. எகிப்தில் அமெனெமோப்பே என்பவரின் அறிவுரை நூலும் தராசில் கைவைக்காதே என்று எச்சரிக்கிறது. அந்நூலுக்கும் நீதிமொழிகளின் 22, 23ஆம் அதிகாரங்களுக்கும் உள்ள ஒற்றுமையை அறிஞர்கள் 1924 முதல் ஆராய்ந்து வருகின்றனர். நம் வள்ளுவரும் நடுவு நிலைமை அதிகாரத்தில் துலாக்கோலைச் சான்றோர்க்கு உவமையாக்கினார். ஆனால் ஒரு வேறுபாடு எனக்குத் தோன்றுகிறது. வள்ளுவர் காட்டும் கோல் தன்னளவில் செம்மையானது. சான்றோன் அதைப்போல நிற்க வேண்டும். நீதிமொழிகளோ அந்தக் கோலையே சந்தேகப்பட்டுத் தட்டின் அடியைத் தடவிப் பார்க்கிறது. கடைக்காரனோடும் அது நிற்பதில்லை. பொருளை வாங்குகிறவன் மட்டம், மட்டம் என்று விலையைக் குறைத்துவிட்டு, வெளியே போய்த் தன் சாமர்த்தியத்தைப் பேசுவதையும் 20ஆம் அதிகாரம் கேலி செய்கிறது. சந்தைக்குப் போய்வந்த யாருக்கும் இது சிரிப்பை வரவழைக்கும்.

இக்கல்லூரியில் சேர்ந்த அன்று நான் கட்டிய கட்டணத்தில் அந்த இரண்டு மாதக் கூலியும் இருந்தது. கல்லின் எடை தெரிந்த பிறகும் ஐம்பது நாளுக்குக் குறையாமல் அந்தப் பாட்டிக்கு நிறுத்திருப்பேன். நாளுக்குப் பதினாறு என்றால் எண்ணூறு ரூபாய். கடந்த தீபாவளி விடுமுறையில், விடுதிச் செலவில் மிச்சம் பிடித்த பணத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். இப்போது அங்கே மின்னணுத் தராசு. பாட்டி வந்து வெகுநாள் ஆயிற்று என்றார்கள். மகள் வீட்டுக்குப் போயிருக்கலாம் என்றான் ஒரு பையன். எந்த ஊர் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவர் பெயரைச் சொல்லி விசாரிக்கலாம் என்று பார்த்தால், இரண்டு மாதமும் நான் அதைக் கேட்டிருக்கவில்லை. பொங்கலுக்கு ஊர் போகும்போது மறுபடி போய் விசாரிக்க வேண்டும்.