மலேயிக்கமிலமும் விதை வெங்காயமும்

ஆய்வுகூடங்களில் வெண்பளிங்காகக் காணப்படும் மலேயிக்கமிலம் நீரில் எளிதிற் கரையும். தோலையும் கண்ணையும் எரிக்கும். அதன் இனமான பியூமாரிக்கமிலமோ பயிர்களில் இயற்கையாகவே உண்டு.

மலேயிக்கமிலத்தின் வழிவந்த மலேயிக் ஐதரசைட்டு, 1949ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட வளர்ச்சித்தடை மருந்தாகும். இது முளையிலுள்ள கலங்கள் பிரிவதைத் தடுப்பதால், சேமித்த வெங்காயம் நெடுநாள் முளையாதிருக்கும். அறுவடைக்குச் சற்று முன்னர், இலை பச்சையாயிருக்கையில் தெளித்தாற்றான் மருந்து குமிழுக்கு இறங்கும். பிடுங்கியபின் தெளிப்பது வீண்செலவே. மிக முந்தித் தெளித்தாற் குமிழ் பஞ்சுபோலாகும்.

நிலாவெளி, குச்சவெளி மணற்றரைகளிற் சின்ன வெங்காயம் செய்வோர் ஒன்றை மறத்தலாகாது. நீங்கள் நடுவது குமிழையே. இம்மருந்து ஏறிய குமிழை நட்டால் அது முளைக்க மறுக்கும். அப்போகத்து உழைப்பும் பாழாகும். ஆகவே விதைக்கு ஒதுக்கிய பாத்தியில் ஒரு துளியேனும் படவிடாதீர்கள். வெளியிலிருந்து விதை வெங்காயம் வாங்குமுன், அது மருந்து தெளித்ததா என விற்பவரிடம் கேட்டறியுங்கள்.