தோமா வந்தாரா? மிளகும் செப்பேடும் சொல்வது

வித்துராவிலிருந்து பொன்முடிக்கு ஏறும் வழியில் மரங்களைச் சுற்றிப் படர்ந்திருக்கும் மிளகுக்கொடியும் இந்த வழக்கில் ஒரு சாட்சிதான். மிளகுக்காக ரோமக் கப்பல்கள் பருவக்காற்றைப் பிடித்து முசிறிக்கு வந்துபோன காலத்தில், யூதர் ஒருவர் செங்கடல் துறையில் ஏறி மலையாளக் கரையில் இறங்கியிருக்கலாம். ஆனால் வந்திருக்கலாம் என்பது வந்தார் என்றாகிவிடாது. இயேசுவின் சீடர் தோமா கி.பி. 52-இல் கொடுங்கல்லூரில் இறங்கி ஏழரைப் பள்ளிகளை, அதாவது தேவாலயங்களை, நிறுவினார் என்பதற்கு அந்த நூற்றாண்டின் சான்று ஒன்றுகூட இல்லை. மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாக் நூலான 'தோமாவின் நடபடிகள்' அவரைக் கொந்தோபரஸ் என்ற அரசனிடம் கொண்டுபோகிறது. அந்த அரசனே கற்பனை என்று ஒதுக்கியவர்கள் வாயடைக்க, 19-ஆம் நூற்றாண்டில் அவன் நாணயங்கள் கிடைத்தன. நம்புகிறவர்களுக்குப் பெரிய பலம்தான். என்றாலும் நாணயம் காட்டுவது அரசனை மட்டுமே, விருந்தாளியை அல்ல. அவனும் வடமேற்கை ஆண்டவன், சேரன் இல்லை.

இத்தனை தலைமுறை வாய்மொழி பொய்யாகுமா என்பார்கள். பொய் என்று யாரும் சொல்ல வேண்டாம். வாய்மொழி ஆண்டுக்கணக்கு வைப்பதில்லை, அவ்வளவுதான். உறுதியான தடம் ஆறாம் நூற்றாண்டில் தொடங்குகிறது: மிளகு விளையும் 'மாலே'யில் கிறிஸ்தவர்கள் இருப்பதாகக் காஸ்மாஸ் என்ற வணிகர் எழுதினார். பிறகு, 849 எனக் கணிக்கப்படும் தரிசாப்பள்ளிச் செப்பேடு. வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துப் பள்ளிக்கு அளித்த கொடைக்கு அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் சாட்சிக் கையெழுத்துகள் உண்டு. ஆயிரத்து நூறு ஆண்டுக்கும் மேலாகச் செம்பில் நிற்கும் ஒரு சமூகத்துக்கு 52 என்ற எண் எதற்கு?

என் கவலை வேறு. போர்த்துகீசியப் பேராயர் கூட்டிய 1599 உதயம்பேரூர்ச் சங்கத்துக்குப் பின் சிரியாக் ஏடுகள் தீக்கிரையாயின; விடை அவற்றில் இருந்ததா என்று இனி யாரும் சொல்ல முடியாது. இன்று தீயே வேண்டாம், கான்கிரீட் போதும். கேரளத்தில் பழைய பள்ளிகள் ஒவ்வொன்றாக இடிந்து புதுக் கோபுரங்கள் எழுகின்றன. பரணில் கிடந்த ஓலைகளும் கல்லறைப் பலகைகளும் எங்கே போயின என்று கேட்பாரில்லை. அந்த ஏழரையில் அரைப்பள்ளி எனப்படும் திருவிதாங்கோட்டுக் கற்கோயில் குமரி மாவட்டத்தில் தப்பி நிற்பது நம் அதிர்ஷ்டம். பரங்கிமலையின் பஹ்லவி எழுத்துச் சிலுவைக்கல் 1547-இல் அஸ்திவாரம் தோண்டும்போதுதான் கிடைத்தது. அதன் வாசகத்துக்குப் பொருள் சொல்வதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அன்று தோண்டியது மண்வெட்டி, கல் கண்ணில் பட்டது. ஜேசிபி இறங்கும் பள்ளிவளாகத்தில் கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவராவது அன்றைக்கு நிற்க வேண்டும்.