பழைய லாரிக்குப் புதுச் சக்கரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியானவன் வீட்டு வாசலிலும், தச்சன் பட்டறை ஓரத்திலும், ஏன், பட்டணத்து உத்தியோகஸ்தர் வீட்டு முற்றத்திலுங்கூட ஒரு சிறு லாரி நிற்பதைக் காணலாம். முன்புறம் மனிதர் அமரும் அறையும், பின்புறம் மேல்மூடியில்லாத தொட்டியுமாக உள்ள அதைப் 'பிக்கப்' என்கிறார்கள். ஃபோர்டு கம்பெனியின் எஃப் வரிசை வண்டிகள் 1977-ஆம் ஆண்டு தொடங்கிப் பல பத்தாண்டுகளாக அந்நாட்டு லாரி விற்பனையில் முதலிடம் வகித்து வந்திருக்கின்றன என்றால், அந்த ஜனங்களுக்கு இந்த வண்டியிடம் உள்ள பற்று எத்தகையது என்று நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த வண்டிகளின் எஞ்சின் பதினைந்து, இருபது ஆண்டு உழைப்பது அபூர்வமன்று. ஆனால் குளிர்காலத்தில் பனியை உருக்குவதற்காகச் சாலையெங்கும் உப்பைத் தூவும் வட மாகாணங்களில் சக்கரங்கள் அதற்கு முன்பே அரித்துப் போய்விடும். அலுமினியச் சக்கரத்தின் விளிம்பில் பொருக்கு கட்டி, டயர் பொருந்தும் இடத்தில் காற்று கசியத் தொடங்கும். இதற்கிடையில், புது வண்டி வாங்கிய வசதிக்காரர்கள் அதிலுள்ள சக்கரங்களைக் கழற்றிவிட்டு வேறு அலங்காரச் சக்கரங்களைப் பூட்டிக்கொள்வதும் அங்கே ஒரு மோகம். அவர்கள் கழித்த புத்தம் புதுச் சக்கரங்கள் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. பழைய வண்டிக்காரன் அவற்றை வாங்கி வருகிறான். பெரிய வண்டிச் சக்கரத்தைச் சின்ன வண்டிக்குப் பூட்டலாகாது என்பதை நம்மூர் மாட்டுவண்டிக்காரரும் அறிவார். ஒரே கம்பெனியின் ஒரே பெயருள்ள வண்டிகளுக்கிடையே என்ன தொல்லை வரப்போகிறது என்றுதான் எவருக்கும் தோன்றும்.

எஃப்-150 என்னும் வண்டியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1997 முதல் 2003 வரை வந்த வண்டிகளில் சக்கரத்துக்கு ஐந்து துளைகள். 2004-ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து ஆறு துளைகள். ஆறு துளைகளும் 135 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின்மேல் அமைந்தவை. நடுவில் அச்சின் குடம் புகும் ஓட்டை 87.1 மில்லிமீட்டர். இந்த அளவுகள் 2015-இல் வந்த புது மாதிரியிலும் மாறவில்லை. ஆகவே 2008-ஆம் ஆண்டு வண்டியில் 2016-ஆம் ஆண்டுச் சக்கரம் கச்சிதமாக அமரும். வேறு கம்பெனிகளின் ஆறு துளைச் சக்கரங்களோ பெரும்பாலும் 139.7 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அங்குல வட்டம் கொண்டவை. வித்தியாசம் அரை சென்டிமீட்டர்கூட இல்லை. கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். பழைய சாமான் சந்தையில் ஏமாறுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

சக்கரம் அமர்ந்துவிட்டது, ஆனால் உண்மையான அபாயம் அதற்கப்பால் இருக்கிறது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் ஸ்டட் போல்ட்டுகள் பழைய வண்டியிலும் புது வண்டியிலும் 14 மில்லிமீட்டர் பருமனே. ஆயினும் 2004 முதல் 2014 வரையிலான வண்டிகளில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 2 மில்லிமீட்டர்; 2015 முதல் ஒன்றரை மில்லிமீட்டர். சக்கரத்தோடு புது நட்டுகளையும் சேர்த்து வாங்கி வந்தவன், பளபளப்பைக் கண்டு அவற்றையே பூட்ட முற்படுவது இயல்பு. நட்டு நுனியில் ஏறும். ஓரிரு சுற்றுக்குள் இறுகிவிடும். கையால் திருகுகிறவன் "இது சேராது" என்று உடனே அறிவான். காற்றழுத்தத் துப்பாக்கியால் முறுக்குகிறவனுக்கோ அந்த உணர்ச்சியே கிடையாது. துப்பாக்கி மரையைச் சீவிக்கொண்டே உள்ளே போகும்; நட்டு இறுகிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அது இரும்புத் தூளின்மேல் நிற்கிறது. இரண்டரை டன் வண்டி அறுபது மைல் வேகத்தில் போகையில் அந்தப் பிடி எவ்வளவு நேரம் தாங்கும் என்று யார் சொல்ல முடியும்? சக்கரம் புதிதானாலும் நட்டு வண்டிக்குரியதாகவே இருக்கவேண்டும். ஏனெனில் மரை இருப்பது சக்கரத்தில் அல்ல, போல்ட்டில். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகவேண்டும் என்று பழைய மெக்கானிக்குகள் பிடிவாதம் பிடிப்பதன் காரணமும் இதுவே.

இனி, டயருக்குள் ஒளிந்திருக்கும் ஸென்ஸருக்கு வருவோம். அதன் கதை துயரமான கதை. ஃபோர்டு கம்பெனியின் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பூட்டப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்கள் சில, ஓடும்போதே மேல்தோல் உரிந்து போயின. வண்டிகள் குப்புறக் கவிழ்ந்தன. 2000 ஆகஸ்ட் மாதத்தில் கம்பெனி அந்த டயர்களைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் மட்டும் 271 பேர் அவற்றால் மாண்டதாகக் கணக்கிடப்பட்டது. டயரில் சதுர அங்குலத்துக்கு 26 ராத்தல் காற்று போதுமென்று வண்டிக் கம்பெனி சொல்லியிருந்தது. 30 ராத்தல் வேண்டுமென்று டயர்க் கம்பெனி சொல்லிற்று. குற்றம் யாருடையது என்று இரண்டும் ஒன்றையொன்று சாடியதில் ஏறக்குறைய நூறாண்டு உறவே முறிந்தது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அளவுக்கு மீறி வளைந்து நிமிர்கிறது, அதனால் சூடேறுகிறது, சூடு ரப்பருக்கும் உள்ளே உள்ள எஃகுப் பட்டைக்கும் உள்ள பிணைப்பைத் தளர்த்துகிறது. இது ஒருவரும் மறுக்காத விஷயம்.

அதே ஆண்டு நவம்பர் முதல் தேதி ஜனாதிபதி கிளின்டன் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். டயரில் காற்றுக் குறைந்தால் ஓட்டுகிறவருக்கு எச்சரிக்கை தரும் சாதனம் வேண்டுமென்பது அதன் ஓர் அம்சம். சர்க்கார் 2002-இல் வகுத்த விதி கம்பெனிகளுக்கு மிகவும் இடங்கொடுத்தது. நான்கு டயர்களையும் கண்காணிக்காத ஒரு மலிவு ஏற்பாட்டையும் அது அனுமதித்தது. பொதுஜன நலனுக்காக வாதாடும் சங்கங்கள் வழக்குத் தொடர, 2003-இல் நியூயார்க் அப்பீல் கோர்ட்டு அந்த விதியைத் தள்ளிவிட்டது. 2005-இல் வந்த புது விதிப்படி, நான்கில் எந்த டயரிலாவது கம்பெனி குறித்த அழுத்தத்தில் நூற்றுக்கு 25 பங்கு குறைந்தால் விளக்கு எரிந்தாகவேண்டும். 2007 செப்டம்பர் முதல் தேதிக்குப் பின் செய்யப்பட்ட எல்லா இலகு வாகனங்களுக்கும் இது கட்டாயமாயிற்று. ஒரு சில குடிமக்கள் கோர்ட்டு வாசல் ஏறியிராவிட்டால் அந்த விளக்குக்கு அரைக்கண்தான் இருந்திருக்கும்.

நம் தேசத்திலும் இச்சாதனத்தைப் பற்றி 2020-இல் ஒரு விதி வந்தது. ட்யூப் இல்லாத டயரும், பஞ்சர் ஒட்டும் கருவியும், இந்த எச்சரிக்கைச் சாதனமும் உள்ள சிறு மோட்டார் கார்களில் ஸ்டெப்னி வைக்கவேண்டியதில்லை என்பது அது. அங்கே உயிர் காக்கும் கட்டாயமாக நுழைந்த பொருள் இங்கே ஒரு சலுகையின் நிபந்தனையாக நுழைந்திருப்பது யோசிக்கத்தக்கது.

ஸென்ஸர் என்பது தீப்பெட்டியளவுகூட இல்லாத ஒரு பொருள். அழுத்தத்தை அளக்கும் சில்லு, ஒரு சிறு மின்கலம், ரேடியோ அலை அனுப்பும் உறுப்பு ஆகியவை அதனுள் அடக்கம். ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. வண்டி ஓடத் தொடங்கியதும் விழித்துக்கொண்டு, தன் எண்ணையும் அழுத்தத்தையும் வண்டியிலுள்ள பெட்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பெட்டி தனக்குத் தெரிந்த நான்கு எண்களுக்கு மட்டுமே செவிசாய்க்கும். இல்லாவிட்டால் சாலையில் பக்கத்தில் போகும் வண்டியின் குறையெல்லாம் நம் விளக்கில் எரியுமல்லவா? ஆகவே, புதுச் சக்கரத்தோடு வந்த ஸென்ஸர் எவ்வளவு நல்லதாயினும் பழைய வண்டிக்கு அது அந்நியனே. அழைப்புக் கேட்காத பெட்டி விளக்கை ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேலாகச் சிமிட்டி, பிறகு அணையாமல் எரியவிடும். காற்றுக் குறைவு என்றால் சிமிட்டலின்றி எரியும். சாதனத்திலேயே கோளாறு என்றால் முதலில் சிமிட்டும். இந்தப் பேதத்தை அறியாமல் காற்றை மேலும் மேலும் அடைக்கிறவர்கள் உண்டு.

இதற்குப் பரிகாரம் பல. முதலாவது, அலைவரிசை ஒன்றா என்று பார்ப்பது. சில ஸென்ஸர்கள் 315 மெகாஹெர்ட்ஸிலும், சில 433 மெகாஹெர்ட்ஸிலும் பேசுகின்றன. அது வேறுபட்டால் எந்த உபாயமும் பலிக்காது. ஒன்றாயிருந்து, பெட்டிக்குப் புரியும் பாஷையிலும் பேசினால், பெட்டிக்குப் புது எண்களைக் கற்பிக்கலாம். சாவியுள்ள ஃபோர்டு வண்டிகளில் இது வேடிக்கையான சடங்கு. பிரேக்கை மிதித்து விடவேண்டும். சாவியை மூன்று தடவை திருப்பவேண்டும். மறுபடி பிரேக், மறுபடி மூன்று தடவை. ஹாரன் ஒரு முறை ஒலித்தால் பெட்டி பாடம் கேட்கத் தயார். முன் இடச் சக்கரத்தில் தொடங்கி, முன் வலம், பின் வலம், பின் இடம் என்று பிரதட்சிணமாகச் சென்று, 125 கிலோஹெர்ட்ஸ் அலை வீசும் கைக்கருவியால் ஒவ்வொரு ஸென்ஸரையும் எழுப்பவேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஹாரன் "ஆயிற்று" என்று ஒலிக்கும். வரிசை பிசகினால் எந்த டயரில் காற்றில்லை என்பது மாறித் தெரியும்.

பழைய ஸென்ஸர்களையே புதுச் சக்கரத்துக்கு மாற்றலாமே என்று கேட்கலாம். மாற்றலாம்; ஆனால் ஃபோர்டின் முற்பட்ட வண்டிகளில் ஸென்ஸர் வால்வோடு சேர்ந்திராமல், ரிம்மின் உட்பள்ளத்தில் வால்வுக்கு நேர் எதிரே ஓர் எஃகுப் பட்டையால் கட்டப்பட்டிருக்கும். 17 அங்குல ரிம்முக்கு வெட்டிய பட்டை 20 அங்குல ரிம்மைச் சுற்றி எட்டாது. அன்றியும் உள்ளிருக்கும் மின்கலம் ஐந்திலிருந்து பத்து ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். அதை மட்டும் தனியே மாற்ற வழியில்லை. பன்னிரண்டு வயதான ஸென்ஸரைப் புது டயருக்குள் வைத்து மூடுவது சிக்கனமன்று. பழைய எண்ணையே புது ஸென்ஸரில் பதித்துக் கொடுக்கும் கருவிகள் இப்போது கடைகளில் இருக்கின்றன. கோடைக்கு ஒரு ஜோடனை, பனிக்கு ஒரு ஜோடனை என்று இரண்டு வகைச் சக்கரம் வைத்திருப்போருக்கு இதுவே சௌகரியம்.

ஸென்ஸரே வேண்டாம் என்று எறிந்துவிடலாமா? சொந்தக்காரன் தன் கையால் செய்தால் அந்தச் சட்டம் அவனைத் தடுக்கவில்லை. ஆனால் வேலை செய்துகொண்டிருக்கும் பாதுகாப்புச் சாதனத்தைச் செயலற்றதாக்க எந்தப் பட்டறைக்கும் அங்கே உரிமையில்லை.

எல்லாவற்றையும் சரியாகச் செய்து, விளக்கும் அணைந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு சூட்சுமம் எஞ்சுகிறது. எந்த அழுத்தத்தில் விளக்கு எரியவேண்டும் என்பது பெட்டியில் முன்பே எழுதப்பட்ட கணக்கு. வண்டி பிறந்தபோது பூட்டியிருந்த டயருக்கு உரிய கணக்கு. கதவோரச் சீட்டில் 35 ராத்தல் என்று இருந்தால், ஏறக்குறைய 26-இல்தான் விளக்கு எரியும். இப்போது பாரம் சுமக்கும் கனத்த லாரி டயர்களைப் பூட்டி, அவற்றுக்கு 50 ராத்தல் அடைத்துக்கொள்கிறான் ஒருவன். அது 30-க்கு இறங்கினாலும், அதாவது ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டாலும், விளக்கு வாய் திறக்காது. பின்னால் சுமையும் ஏற்றி, கோடை வெயிலில் நெடுஞ்சாலையில் போனால், 2000-ஆம் ஆண்டின் கதைக்கு வேண்டிய அத்தனை பொருள்களும் அங்கே சேர்ந்துவிடுகின்றன. தக்க கருவி கொண்டு பெட்டியின் கணக்கைத் திருத்தும் மெக்கானிக்குகள் உண்டு. திருத்தாத வரையில் அந்த விளக்கின் மௌனத்தை நம்பாமல், டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் கைமானியால் அளப்பது ஒன்றே வழி. உஷ்ணம் பாரன்ஹீட்டில் பத்து டிகிரி குறைந்தால் அழுத்தம் சுமார் ஒரு ராத்தல் குறையும். இது பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கும் வாயு விதியே.

டயரின் உயரம் மாறினால் வேகமானியும் சிறிது பொய் சொல்லும். 255/70 ஆர் 17 டயரிலிருந்து 275/55 ஆர் 20-க்கு மாறினால், முள் 60 மைல் காட்டும்போது வண்டி ஏறக்குறைய 61½ மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். இதை அவ்வளவு பெரிதாக எண்ணவேண்டியதில்லை.

அலுமினிய வால்வுத் தண்டில் பித்தளை ஊசியைப் போடாமல் நிக்கல் முலாம் பூசியதைப் போடவேண்டும். இல்லாவிட்டால் சாலை உப்பில் இரண்டு உலோகமும் பிணைந்து அரித்து, பிறகு காற்றடைக்கவே திறக்க வராது. கடைசியாக, நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கி, அளவுத் திருகியால் 150 அடி-ராத்தல் வரை இறுக்கவேண்டும். நூறு மைல் ஓடுவதற்குள் அதே திருகியால் இருபத்துநான்கு நட்டுகளையும் மறுபடி ஒரு முறை சோதிக்கவேண்டும்.