குறைமாதச் சிசுவும் சர்வதேசக் கூட்டாய்வும்: ஓர் ஊசிமருந்தின் வரலாறு

செல்வந்த நாடுகளில் கண்டறியப்பட்ட மருத்துவ அறிவை வறிய நாடுகளின் பிரசவ அறைகளுக்குக் கொண்டுசேர்ப்பதே சர்வதேச ஆய்வுக் கூட்டுறவின் பணி என்ற கருத்து பரவலாக நிலவுகின்றது. இக்கருத்து எவ்வளவு போதாதது என்பதை ஓர் ஊசிமருந்தின் வரலாற்றினூடாக இங்கு நோக்குவோம்.

நியூசிலாந்தின் ஒக்லண்ட் நகரில் மகப்பேற்று வைத்தியர் கிரகம் லிகின்ஸ், பிரசவ வலி எவ்வாறு தொடங்குகின்றது என்பதை அறியச் செம்மறியாடுகளில் ஆய்வு நடத்திவந்தார். கருவிலேயே ஸ்ரீரொயிட் வகை ஓமோன் ஏற்றப்பட்டு முன்கூட்டிப் பிறந்த குட்டிகள், பிழைக்கவியலாத பருவத்தில் பிறந்தும் மூச்செடுத்தன. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. நுரையீரற் சிற்றறைகளின் உட்புறத்தை மூடும் கொழுப்புப் படலமே, மூச்சு வெளியேறும்போது அவை ஒட்டிச் சுருங்காது காக்கின்றது. கர்ப்பத்தின் இறுதி வாரங்களிலேயே இப்படலம் போதிய அளவு உருவாகும். அவ்வளர்ச்சியை ஸ்ரீரொயிட் விரைவுபடுத்துகின்றது. 1972 இல் லிகின்சும் குழந்தை வைத்தியர் றொஸ் ஹோவியும் 282 தாய்மாரிடம் நடத்திய ஆய்வினை வெளியிட்டனர். மருந்து பெற்ற தாய்மாரின் சிசுக்களிடையே மரணம் பெரிதும் குறைந்திருந்தது. ஆயினும் ஐக்கிய அமெரிக்காவில் இம்மருந்து பொதுவாகப் பரிந்துரைக்கப்பட 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாமதம் வறிய நாடுகளுக்கு மட்டும் உரியதன்று.

மலிவான இவ்வூசியைக் கிராமங்கள்வரை கொண்டுசென்றால் எண்ணற்ற சிசுக்கள் பிழைக்கும் என்ற எதிர்பார்ப்பு இயல்பானதே. ஆஜென்ரீனா, குவாத்தமாலா, இந்தியா, கென்யா, பாகிஸ்தான், சாம்பியா ஆகிய ஆறு நாடுகளில், அமெரிக்க அரச நிதியுடன், ஏறத்தாழ ஓர் இலட்சம் பிறப்புகளை உள்ளடக்கிய பேராய்வு நடைபெற்றது. 2015 இல் வெளியான முடிவு பலரைத் திகைக்கவைத்தது. மருந்துத் திட்டம் செயற்பட்ட பகுதிகளில், 1000 உயிர்ப்பிறப்புகளுக்கு 27.4 சிசுக்கள் 28 நாட்களுக்குள் இறந்தன. ஏனைய பகுதிகளில் 23.9. தாய்மாரிடையே கிருமித்தொற்று எனச் சந்தேகிக்கப்பட்டோரும் அதிகமாயிருந்தனர்.

மருந்தின் வகை மாறவில்லை, அதனைச் சூழ்ந்த நிலைமைகள் மாறியிருந்தன. ஒக்லண்டில் ஊசியுடன் வைத்தியசாலையும் தாதியரும் சிசுப் பராமரிப்பும் இருந்தன. கிராமத்திலோ கர்ப்பத்தின் வயதைத் திட்டமாக அறிய ஸ்கான் கருவி இல்லை. வயிற்றின் உயரத்தை நிறமிட்ட நாடாவால் அளந்து மதிப்பிட நேர்ந்தது. ஆகவே குறைமாதத்தில் பெறாத பல தாய்மாருக்கும் ஊசி ஏற்றப்பட்டது. வெற்றிபெற்ற ஆய்வொன்றின் முடிவு அவ்வாய்வு நிகழ்ந்த சமூகச் சூழலையும் மறைமுகமாகத் தன்னுள் கொண்டிருக்கின்றது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. திட்டம் தோல்வியுற்றதெனச் சிலர் கருதலாம். எம் நோக்கில், இம்முடிவை மறைக்காது வெளியிட்டதே அக்கூட்டுறவின் பெரும் பயன்.

உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டில் இம்மருந்துக்கு நிபந்தனைகள் விதித்தது: கர்ப்ப வயது சரியாகத் தெரிந்திருத்தல், தொற்று இல்லாதிருத்தல், தாய்க்கும் சிசுவுக்கும் தக்க பராமரிப்பு இருத்தல். பின்னர் அந்நிறுவனமே வங்காளதேசம், இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் 29 வைத்தியசாலைகளில் புதிய ஆய்வினை ஒழுங்கமைத்தது. இம்முறை கர்ப்ப வயது ஸ்கான் மூலம் உறுதிசெய்யப்பட்டது. 2852 தாய்மார் பங்குபற்றினர். மருந்து பெற்றோரின் சிசுக்களில் 19.6 வீதமும் போலிமருந்து பெற்றோரின் சிசுக்களில் 23.5 வீதமும் இறந்தன. நன்மை ஐயமின்றித் தெரிந்ததனால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. முடிவு 2020 இல் வெளியாயிற்று.

செல்வந்த நாடுகளில் எல்லோருக்கும் கொடுக்கப்படும் மருந்தை வறிய தாய்மாரில் ஒரு பாதியினருக்குக் கொடாதிருந்தது நீதியா என்ற வினா இங்கு எழும். 2015 இன் முடிவு இல்லாதிருந்தால் நாமும் அதனை அநீதியென்றே கூறியிருப்போம். தீங்கு விளைவிக்கலாம் என்ற நியாயமான ஐயம் தோன்றிய பின்னர், அதனைச் சோதியாது எல்லோருக்கும் கொடுப்பதும் பொறுப்பற்ற செயலாகும். எனினும் இரு ஆய்வுகளுக்குமான நிதி, ஒன்றுக்கு அமெரிக்க அரசிடமிருந்தும் மற்றையதற்கு அந்நாட்டின் கேற்ஸ் அறநிதியத்திலிருந்தும் வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. எந்த வினா முதலில் கேட்கப்படும் என்பதை நிதி பாதிக்காது என நம்புவது கடினம்.

ஸ்கான் கருவியற்ற கிராம நிலையத்துக்குக் குறைமாத வலியுடன் வரும் தாய்க்கு இவ்வூசியை இடலாமா என்பதற்கு 2020 ஆம் ஆண்டின் ஆய்வில் விடையில்லை. அவள் அதில் சேர்க்கப்படவேயில்லை.