ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள்

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு பால்கோவா அனுப்பாத குடும்பம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் குறைவு. மாம்பழ சீசன் வந்தால் பழப்பெட்டியும் சேர்ந்துகொள்ளும். பார்சல் ஆபீசில் எடை போட்டு, பணம் வாங்கிக்கொண்டு, ஒரு துண்டு ரசீதைத் தருவார்கள். அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவோம்.

பெட்டி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அந்த ரசீதை யாரும் நினைப்பதில்லை. சில சமயம், இரண்டு மூன்று நாளில் சாப்பிட வேண்டிய இனிப்பு ஒரு வாரம் கழித்துப் பூஞ்சை பிடித்துப் போய்ச் சேரும். சில சமயம், வாசலுக்கு யாருமே வராதபோது ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று போனில் செய்தி மட்டும் வரும். புக் செய்த இடத்தில் கேட்டால், “நாங்க அன்னிக்கே ஏத்தி விட்டுட்டோம், அங்க கேளுங்க” என்பார்கள். அங்கே கேட்டால், “புக் பண்ண எடத்துல கேளுங்க” என்பார்கள். நாலு நாள் அலைந்து பார்த்துவிட்டு, போனது போகட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

விட வேண்டியதில்லை. விருதுநகர்தான் மாவட்டத் தலைநகர் என்றாலும், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்துக்காரர் பஸ் ஏறினால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடலாம் என்று அது வழி திறந்துவிட்டது. கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், பதில் சொல்ல அவர்கள்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வர வேண்டும்.

கட்டணத்தை நினைத்தும் தயங்க வேண்டாம். சேவைக்கு நாம் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை இருந்தால் புகார்க் கட்டணமே கிடையாது. இங்கே கணக்கு, நாம் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, கொடுத்த தொகையை வைத்து. பார்சலுக்குச் சில நூறு ரூபாய்தான் கொடுத்திருப்போம். ஆகவே இந்த மாதிரி வழக்குகள் ஏறக்குறைய எல்லாமே கட்டணமில்லாமல் மாவட்ட ஆணையத்திலேயே அடங்கிவிடும். வக்கீல் கட்டாயமில்லை, நாமே நின்று பேசலாம். பணம் கட்டியவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு அந்தச் சேவையின் பயனைப் பெற வேண்டியவரும் நுகர்வோர்தான். பெட்டி வந்து சேராத மகளும் புகார் கொடுக்கலாம்.

இவ்வளவு வசதி இருந்தும் சிலர் தோற்றுப்போவதற்குக் காரணம் அந்தத் துண்டு ரசீதில் இருக்கிறது. பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கு இதற்கு நல்ல பாடம். ஜெர்மனியில் இருந்த வாடிக்கையாளருக்கு அந்த நிறுவனம் 1990 மே மாதம் டி.எச்.எல். கூரியரில் ஆவணங்களை அனுப்பியது. அவை போய்ச் சேரவில்லை. சீசன் தப்பிப்போனதால் சரக்குக்கு விலை குறைந்தது. மாநில ஆணையம் நாலு லட்சத்துக்கும் மேல் இழப்பீடு தரச் சொன்னது. ஆனால் கூரியர் ரசீதில், தங்கள் பொறுப்பு 100 அமெரிக்க டாலருக்கு மேல் இல்லை என்று ஒரு நிபந்தனை இருந்தது. அனுப்பியவர் அதில் கையெழுத்தும் போட்டிருந்தார். தேசிய ஆணையம் இழப்பீட்டை அந்த 100 டாலராகக் குறைத்தது. கையெழுத்திட்ட ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. படிக்காமல் போட்ட ஒரு கையெழுத்து, லட்சங்களைச் சில ஆயிரங்களாகச் சுருக்கிவிட்டது.

சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கென்று 2007-ல் ஒரு சட்டம் வந்தது. லாரி ஷெட்டோடு கூரியர் கம்பெனிகளையும் அது சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. அதன்படி, பொருள் தொலைந்தாலோ சேதமானாலோ, புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் வழக்கே நிற்காது. இன்னொன்றும் உண்டு. கூடுதல் இடர்க் கட்டணம் கட்டாத சரக்குக்கு, அவர்களின் பொறுப்பு பொதுவாக நாம் கொடுத்த வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். 200 ரூபாய் கொடுத்து அனுப்பிய பத்தாயிரம் ரூபாய்ப் பட்டுப்புடவை தொலைந்தால், 2,000 ரூபாய்க்கு மேல் கேட்பது கடினம். விலை கூடிய பொருளென்றால் மதிப்பை ரசீதில் எழுதச் சொல்லி, அந்தக் கூடுதல் தொகையைக் கட்டிவிடுவதே புத்தி.

தபால் ஆபீசின் நிலை வேறு. 1898-ம் ஆண்டு அஞ்சல் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2023-ம் ஆண்டுச் சட்டமும் அஞ்சல் துறைக்குப் பொறுப்பிலிருந்து பெருமளவு விலக்குத் தந்திருக்கின்றன. அங்கே அனுப்புவதானால் இன்ஷூர் செய்து அனுப்புவது நல்லது.

“நான் வியாபாரி, எனக்கு இந்தச் சட்டம் பொருந்துமா?” என்று கேட்பவர்கள் இங்கே நிறைய. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் சொந்த உழைப்பில், பிழைப்புக்காகவே தொழில் செய்பவருக்குச் சட்டம் விலக்கு வைத்திருக்கிறது. வீட்டில் பால்கோவா கிண்டி ஆர்டருக்கு அனுப்பும் பெண் அந்த விலக்கைச் சொல்லி ஆணையத்தின் படி ஏறிப் பார்க்கலாம். சத்திரப்பட்டியிலிருந்து லாரி லாரியாக பேண்டேஜ் துணி அனுப்பும் பெரிய நிறுவனத்துக்கு சிவில் நீதிமன்றம்தான் வழி.

செய்ய வேண்டியது இதுதான். பேக் செய்யும்போதே பொருளையும் பெட்டியையும் போட்டோ எடுங்கள். ரசீதில் பொருள், மதிப்பு, தேதி மூன்றும் இருக்கிறதா பாருங்கள். பொருள் கெட்டுப் போய்ச் சேர்ந்தால், வாங்குகிறவர் பிரிக்கும்போது வீடியோ எடுக்கட்டும். போனில் சண்டை போட்டதற்குச் சாட்சி இருக்காது. புகாரை ஸ்பீட் போஸ்டிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். ஆன்லைனில் வாங்கிய பொருளென்றால், விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ம் ஆண்டு விதி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே பேசலாம்; பல பிரச்சினைகள் அங்கேயே முடிந்துவிடுவதுண்டு.

முடியாவிட்டால் ஆணையம். சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். நேரில் கொடுக்கலாம், 2025 ஜனவரியில் தொடங்கிய ஈ-ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம். எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும். மேலும் 15 நாள் அவகாசம் கொடுக்கலாம். அந்த 45 நாளைத் தாண்டி ஒரு நாளும் நீட்டக் கூடாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. மூன்று மாதத்தில் தீர்ப்பு என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் இழுக்கத்தான் செய்யும், பொறுமை வேண்டும். ஆணையத்தின் உத்தரவை மதிக்காத கம்பெனிக்குச் சிறைத்தண்டனை வரை உண்டு.

ஐந்நூறு ரூபாய்ப் பெட்டிக்கு இத்தனை பாடா என்று தோன்றலாம். தொலைந்த பெட்டி ஒவ்வொன்றுக்கும் நாம் பேசாமல் இருப்பதால்தான், அடுத்தவர் பெட்டியையும் அதே அலட்சியத்தோடு தூக்கிப் போடுகிறார்கள். ஒருவர் நோட்டீஸ் அனுப்பினால் அந்த ஆபீசில் பத்துப் பேருக்கு மரியாதை கூடும். அதற்கு முதல் சாட்சி உங்கள் பையில் மடித்துக் கிடக்கும் அந்தத் துண்டுச்சீட்டுதான். பெட்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்று பிள்ளை போன் செய்யும் வரையாவது அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.